பழைய நாடக நடிகைகளை இணையத்தில் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நாடக நோட்டீஸில் ‘ஸ்திரீபார்ட்’ (பெண் வேடம்) என்பதற்கு எதிரே ஒரு பெயரைக் கண்டதும் நடிகை கிடைத்துவிட்டார் என்று துள்ள வேண்டாம். அது ஆணாக இருக்கலாம். 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள்தான் வள்ளியும் தமயந்தியும். புடவை கட்டி, நகை பூட்டி நிற்கும் புகைப்படத்தை மட்டும் நம்பி ஒருவரை நடிகைகள் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. ராஜபார்ட் (கதாநாயக வேடம்) என்றாலே ஆண் என்று தள்ளிவிட்டால் சில நல்ல நடிகைகள் கைநழுவிப் போவார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் குழுவில் ஆண் வேடங்களும் பெண்களுக்கே. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் திரைப்படத்தில் நந்தனாராக வந்தது மேடையில் ஏற்கெனவே இருந்த இந்த வழக்கத்தின் தொடர்ச்சி. ஆகவே கம்பெனி எது, யார் நடத்தியது, அதில் பெண்கள் இருந்தார்களா என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வாருங்கள்.

பெயரிலும் வழுக்கும். முன்னால் நிற்கும் ஊர் பிறந்த ஊராகவும் இருக்கலாம், பெயர் வாங்கிய ஊராகவும் இருக்கலாம். முதலெழுத்து அப்பாவுடையது என்று நாமாக எழுதிவிடுகிறோம், கே.பி. சுந்தராம்பாளின் ‘பி’ அவருடைய தாய் பாலாம்பாள். டி.பி. ராஜலட்சுமிக்கு அது தந்தை பஞ்சாபகேசன். இருவரும் மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள்தான், ஆனால் ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்தவில்லை. பாலாமணி, ரத்தினம், ராஜாம்பாள் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரே ஆள்தானா என்று உறுதியாகாதவரை இரண்டு பேரின் வாழ்க்கையை ஒரே கட்டுரையில் ஒட்டாதீர்கள்.

தேதி அடுத்த பொறி. பல நோட்டீஸ்களில் ஆங்கில ஆண்டு இருக்காது, ‘குரோதன வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். குரோதன 1925–26-இலும் வரும், 1865–66-இலும் வரும். கிழமையும் தேதியும் அச்சாகியிருந்தால் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் டிக்கெட் விலையும்கூடக் கைகொடுக்கும். அப்படியே ஆண்டு உறுதியானாலும், நோட்டீஸ் என்பது நாடகம் நடக்கப்போகிறது என்ற அறிவிப்பு மட்டுமே. மழை, கம்பெனிச் சண்டை, முன்பணத் தகராறு என்று ஆட்டம் நின்றுபோக எத்தனையோ காரணம் உண்டு. ‘நடித்தார்’ என்று எழுதாமல் ‘நடிப்பதாக விளம்பரம் செய்யப்பட்டது’ என்று எழுதுங்கள்.

பாலாமணி நாடகம் பார்க்கத் தனி ரயிலே விட்டார்கள் என்ற கதையை நாடகம் பற்றி எழுதும் பலரும் சொல்கிறார்கள். சுவையான கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்து நூல்கள் பத்துச் சாட்சி ஆகிவிடாது. அக்காலச் செய்தித்தாளிலோ ரயில்வே அறிவிப்பிலோ ஆதாரம் கிடைக்கும்வரை ‘என்று சொல்லப்படுகிறது’ என்பதோடு, யார் எங்கே சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘முதல் நடிகை’ பட்டமும் இந்த வகைதான். கூசாமல் விட்டுவிடலாம்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது வேறொன்று. சுந்தராம்பாள் என்றதும் கட்டுரையில் பாதியை அவருடைய கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பா எடுத்துக்கொள்கிறார். 1933-இல் கிட்டப்பா மறைந்தபின் சுந்தராம்பாள் வாழ்ந்ததும் பாடியதும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். 1958-இல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். காதலும் துயரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேடம், என்ன பாட்டு என்பதை முதலில் எழுதிவிட்டு அதற்கு வாருங்கள். சாதியையும் குலத்தையும் ஊகித்து எழுதுவதும் இதே நோய். நாடகக்காரி என்றால் தேவதாசி மரபு என்று முடிவுகட்டுவது ஒரு தவறு. ஆதாரம் இருக்கும் இடத்தில் கூச்சப்பட்டு மறைப்பது இன்னொன்று.

இனி விக்கிப்பீடியாவுக்கே உரிய சிக்கல்கள். நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததை நேராக அங்கே எழுத முடியாது, சொந்த ஆய்வு என்று நீக்கிவிடுவார்கள். ஆய்விதழிலோ நூலிலோ வெளியிட்டபின் மேற்கோள் காட்டுங்கள். அது உங்கள் கட்டுரையாகவே இருந்தால் அந்தப் பக்கத்துக்கான உரையாடல் இடமான பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது. குடும்பத்தார் கொடுத்த படம் என்பதாலேயே அதை விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியம்) ஏற்றிவிட முடியாது. படம் கையில் இருப்பது வேறு, பதிப்புரிமை வேறு. இந்தியச் சட்டத்தோடு அமெரிக்கச் சட்டத்திலும் அது தடையின்றி இருக்க வேண்டும். எடுத்தவர், ஆண்டு, முதலில் வெளியான இடம் ஆகிய மூன்றையும் படம் கொடுத்தவரிடம் அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாழும் வாரிசுகளின் பெயரையும் முகவரியையும் மட்டும் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம்.