விபத்தில் சிக்கிய காரும் காப்பீட்டுக் கணக்கும்

விபத்தில் அடிபட்ட காருக்குக் காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை, சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் எழுதும் மதிப்பீட்டை வைத்தே முடிவாகிறது. ஒர்க் ஷாப் பில்லை வைத்து அன்று. ஆகவே நம்பர் பிளேட் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, அன்றே நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்து, கிளெய்ம் எண்ணைப் பெற்றுவிட வேண்டும். யாருக்காவது காயம் பட்டிருந்தால் காவல் நிலையப் பதிவும் தேவை. பிறருக்கு நேரும் பாதிப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் வண்டியின் பழுதுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

சர்வேயர் பார்க்கும்வரை எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். அவர் வரும்போது நீங்களும் உடனிருப்பது நல்லது. பம்பருக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் இரும்புச் சட்டமோ, ஒழுகத் தொடங்கிய ரேடியேட்டரோ வெளிப்பார்வைக்குத் தெரியாது என்பதால், பிரித்த பிறகு வெளிப்படும் சேதத்துக்குத் துணை எஸ்டிமேட் கொடுத்து, அவர் ஒப்புக்கொண்ட பின்னரே வேலையைத் தொடரச் சொல்ல வேண்டும்.

பணம் குறைவது, பாகம் பழையதாகிவிட்டது என்று கழிக்கும் தேய்மானக் கழிவில்தான். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு கூடும். மூன்றரை வயதுள்ள, 1500 சிசிக்கு உட்பட்ட கார் ஒன்றில் பம்பர் 6,000 ரூபாய், பானெட் 8,000 ரூபாய், பெயின்டிங் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பரில் பாதியும், பானெட்டில் கால் பங்கும், பெயின்டிங் தொகையில் பொருளுக்கெனக் கொள்ளப்படும் கால் பங்கில் பாதியுமாக 6,000 ரூபாய் கழியும். ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தமான 1,000 ரூபாயும் சேர்ந்தால், வரி நீங்கலாக 22,000 ரூபாயில் 7,000 உங்கள் கையிலிருந்து போகும். ‘எல்லாம் கேஷ்லெஸ்தான் சார்’ என்ற பேச்சை நம்பி வெறுங்கையோடு வண்டி எடுக்கப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்த பாலிசியில் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இராது. கட்டாயப் பிடித்தம் அப்போதும் உண்டு.

சிறு கீறலுக்குக் கிளெய்ம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் 50 சதவீதத் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் கைவிட்டுப் போய்விடும்.

நிறுவனம் கிளெய்மை மறுத்தாலோ தொகையைக் குறைத்தாலோ காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். பாலிசி, எஸ்டிமேட், பில், எழுதிய கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்தால் போதும்.