கேள்வியைப் படிக்காமல் விடை திருத்தாதீர்கள்: ஃபுட்பால் ஆட்டக்காரரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரிக் கடைசியில் இண்டியானாபொலிஸில் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) கம்பைன், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களின் உடல்திறன் சோதனை முகாம், தொடங்கியதும், அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாக அலச வந்தவர்களின் குறிப்பேடுகள் ஒரே மாதிரி நிரம்பும். 40 கெஜம் இத்தனை நொடி, நின்று குதித்த உயரம் இத்தனை அங்குலம், இடுப்பு நெகிழ்வு நன்று, கால் வேகம் சுமார். பல வருடம் ஃபிலிம் (ஆட்டப் பதிவு) பார்த்தவர்களின் முதல் வருடக் குறிப்பேட்டைப் புரட்டினாலும் இதேதான் இருக்கும். இந்தத் தவறுகளைச் செய்யாமல் இந்த வேலைக்குள் வந்தவர் அநேகமாக யாரும் இல்லை. அதனாலேயே, அதே குழியில் வருடா வருடம் புதிய ஆட்கள் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஹைலைட் வீடியோவை நம்பாதீர்கள், பிடித்த கல்லூரிக்குச் சலுகை காட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

40 கெஜ ஓட்டத்தின் மொத்த நேரத்தைப் பிடித்துக்கொள்வது

40 கெஜம் என்றால் சுமார் 36.6 மீட்டர். யாரும் குறுக்கே வராமல் அத்தனை தூரம் நேர்கோட்டில் ஓடும் வாய்ப்பு பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு ஒரு சீசனில் சில தடவைதான் வரும். லைன்மேன்களுக்கு (முன்வரிசையில் மோதி நிற்பவர்கள்) அதுவும் வராது. அவர்களுக்கு முதல் 10 கெஜத்தின் நேரத்தைப் பாருங்கள், மீதியை விடுங்கள். இன்னொன்று: கம்பைனில் ஓட்டம் தொடங்குவதை ஒருவர் கண்ணால் பார்த்துக் கையால்தான் பதிகிறார், முடிவைத்தான் கருவி பதிகிறது. 0.03 நொடி வித்தியாசத்தை வைத்து இரண்டு பேரை மேலும் கீழுமாக மாற்றுவதில் அர்த்தம் இல்லை.

2017-இல் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடி அன்றைய கம்பைன் சாதனையை முறியடித்தார்; அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 9-ஆவது ஆளாகத் தேர்வானார். அதே வருடம் 4.62 நொடியில் ஓடிய கூப்பர் கப் 69-ஆவது. ராஸைக் காயங்களும் வாட்டின, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சீசனில் பந்து பிடித்து அவர் சேர்த்த அதிகபட்சம் 506 கெஜம். கப் 2021-இல் 145 பந்து பிடித்து, 1,947 கெஜம், 16 டச்டவுன் என மூன்றிலும் லீக்கில் முதலிடம். தடுப்பாளரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பத் தன் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரிசீவருக்கு ஸ்டாப்வாட்ச் மதிப்பெண் போடாது.

ஓடுபவரின் ‘கட்’டைப் பார்த்துவிட்டு, எதிரில் நின்றவரைப் பார்க்காமல் விடுவது

இதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு. இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

ஓடுபவர் திடீரெனத் திசை மாற்றுவதைக் கட் என்கிறோம். அதை அளக்கக் கம்பைனில் இரண்டு சோதனைகள் முக்கியம். ஒன்று, எல் வடிவில் ஐந்தைந்து கெஜ இடைவெளியில் வைத்த மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடுவது. மற்றொன்று, 5 கெஜம் ஒரு பக்கம், 10 கெஜம் மறுபக்கம், மீண்டும் 5 கெஜம் என ஓடும் ஷட்டில். இரண்டிலும் எங்கே திரும்ப வேண்டும் என்பது ஓடுபவருக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். கூம்பு நகராது, ஏமாற்றாது, முந்திக்கொண்டு வழியை அடைக்காது. இது திசைமாற்றும் உடல்வலிமையின் சோதனை, அவ்வளவுதான். விளையாட்டு அறிவியலில் ஷெப்பர்டும் யங்கும் 2006-இலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள்: ஒரு தூண்டலுக்குப் பதிலாக உடல் முழுதும் வேகத்தையோ திசையையோ சட்டென மாற்றினால்தான் அது அஜிலிட்டி. தூண்டல் இல்லையென்றால் அதற்கு அந்தப் பெயரே பொருந்தாது.

1995-இல் பாஸ்டன் கல்லூரியின் மைக் மமுலா கம்பைன் சோதனைகளுக்கென்றே பயிற்சி எடுத்துவந்து அசத்தினார். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி, தம்பா பே அணியுடன் டிராஃப்ட் இடங்களைப் பண்டமாற்று செய்து முன்னேறி, 7-ஆவது இடத்தில் அவரை எடுத்தது. அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை; ஆனால் அந்த இடத்துக்கு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பண்டமாற்றில் 12-ஆவது இடத்துக்கு இறங்கிய தம்பா பே அங்கே எடுத்தது வாரன் சாப்பை. பின்னாளில் அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்.

கூம்பை விட்டு ஃபிலிமுக்கு வந்தவர்களும் தப்புவதில்லை. ஃபிலிமிலும் கண் ஓடுபவரின் காலிலேயே ஒட்டிக்கொள்கிறது. ‘கட் கூர்மை, இடுப்பு தாழ்கிறது’ என்று எழுதுகிறார்கள். எதிரில் நின்ற தடுப்பாளர் போட்ட எந்தக் கேள்விக்கு அந்த விடை என்பது குறிப்பில் இருப்பதே இல்லை. கணக்கைப் படிக்காமல், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவது போல.

அவுட்சைட் ஸோன் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லைன்மேன்கள் எல்லோரும் ஒரே பக்கமாக நகர, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் அவர்களோடு வெளிப்பக்கம் சாய்ந்து ஓடி, இடைவெளி திறக்கும் இடத்தில் ஒரே கட்டில் உள்ளே நுழைய வேண்டும். முதல் ஆட்டக்காரர் சீக்கிரமே உள்ளே திரும்புகிறார். லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) இன்னும் எந்தப் பக்கமும் போகாமல் நேராக நிற்கிறார், வழி அடைபடுகிறது. உடனே பக்கவாட்டில் மூன்று கெஜம் தாவி, சுழன்று, 4 கெஜம் சேர்க்கிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. இரண்டாமவர் இன்னும் இரண்டு அடி வெளிப்பக்கமாகவே ஓடுகிறார். லைன்பேக்கர் அந்தப் பக்கம் தாண்டிப் போய்விடுகிறார். இவர் அரை கெஜம் உள்ளே சாய்ந்து 6 கெஜம் எடுக்கிறார். பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். புதியவர்கள் முதலாமவருக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவார்கள். அந்த மூன்று கெஜத் தாவல், வழியைத் தாமதமாகக் கண்டதற்குக் கட்டிய அபராதம். இரண்டாமவர் கணக்கை முன்பே முடித்துவிட்டார், அதனால்தான் கட் சிறிதாக இருந்தது. வேகம் போதாது என்று சொல்லப்பட்ட எம்மிட் ஸ்மித் 18,355 கெஜம் ஓடி லீக் வரலாற்றில் முதலிடத்தில் இருக்கிறார். அவருடைய ஓட்டங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சின்னச் சாய்வுகளே.

ஆகவே, ஃபிலிமைப் பார்க்கும் முறையையே மாற்ற வேண்டும். டிவி ஒளிபரப்பு உதவாது, அது பந்தைத் துரத்திக்கொண்டே போகும். 22 பேரும் தெரியும் ஆல்-22 ஃபிலிம் வேண்டும். ரன்னிங் பேக்குக்கு, கோல் கம்பத்துப் பக்கமிருந்து எடுத்த கோணம்.

கட்டுக்காகக் கால் ஊன்றுவதற்கு அரை நொடி முன்னால் நிறுத்துங்கள். 30 ஃபிரேம் வீடியோ என்றால் 15 ஃபிரேம் பின்னால். ஓடுபவரை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையாகவே மறையுங்கள். மறைத்தால்தான் கண் எதிராளியிடம் போகும். இப்போது நான்கு விஷயங்களை எழுதுங்கள்: மிக அருகில் உள்ள தடுப்பாளர் எத்தனை கெஜத்தில் இருக்கிறார், அவருடைய இடுப்பு நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் திரும்பிவிட்டதா, வெற்றிடம் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், இரண்டாவதாக வந்து சேரக்கூடியவர் யார். பிறகு திறந்திருக்கும் வழிகளைக் குறியுங்கள், வழக்கமாக இரண்டோ மூன்றோ இருக்கும். அதற்குப் பிறகுதான் காகிதத்தை எடுத்து ஃபிலிமை ஓட விட வேண்டும்.

ஓடுபவரின் காலடி இடைவெளி எப்போது குறுகத் தொடங்குகிறது என்று பாருங்கள். தடுப்பாளர் ஒரு பக்கம் சாய்வதற்கு முன்பே குறுகினால், அவரைச் சாய வைத்ததே இவர்தான். சாயும் அதே நேரத்தில் என்றால், நன்றாகப் படிக்கிறார். சாய்ந்த பிறகு என்றால், பின்தங்கிவிட்டார். கல்லூரியில் மெதுவான தடுப்பாளர்கள் முன்னால் இது மறைந்துபோகும், என்எஃப்எல்லில் மறையாது. தேர்ந்த வழிக்கு ஒரு மதிப்பெண், அதை உடல் நிறைவேற்றிய விதத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுங்கள். சரியான வழியில் போய்ப் புல்லில் கால் வழுக்கியவரும், தவறான வழியில் போய் எதிராளி டேக்கிளை (பிடித்து வீழ்த்துவதை) தவறவிட்டதால் 40 கெஜம் ஓடியவரும் ஒரே பத்தியில் இருக்கக் கூடாது.

இப்படிக் குறைந்தது நான்கு ஆட்டங்களிலிருந்து 25, 30 ஓட்டங்களாவது வேண்டும், அவற்றில் தோற்ற ஆட்டமும் இருக்க வேண்டும். பிறகு ஒரே மாதிரியான கணக்குகளைச் சேர்த்து அடுக்குங்கள். உதாரணமாக, திறந்த வெளியில் ஒரே ஒரு சேஃப்டி (கடைசித் தடுப்பாளர்), 5 முதல் 8 கெஜத் தொலைவில். அந்த அடுக்கில் ஆறேழு ஓட்டம் சேர்ந்தால் உண்மை தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் வலப்பக்கச் சுழற்சிதான் விடை என்றால் அவரிடம் இருப்பது ஒரு வித்தை. என்எஃப்எல் தடுப்பாளர்கள் ஃபிலிம் பார்த்து அதற்காகக் காத்திருப்பார்கள். ஒரு தடவை வேகத்தைக் குறைத்து, ஒரு தடவை தோளை இடித்து, ஒரு தடவை கோணத்தை மாற்றி வெளியேறினால், அது திறன்.

1920-களில் மாஸ்கோவில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். கைதேர்ந்தவரின் அடி அடுத்தடுத்து அதே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு போன பாதை ஒவ்வொரு அடிக்கும் வேறாக இருந்தது. திரும்பத் திரும்பச் செய்வது விடையை அல்ல, விடை காணும் செயலை என்று அவர் எழுதியது இதிலிருந்து வளர்ந்த எண்ணம்தான். திறன் எப்படிக் கைவருகிறது என்று பேசுபவர்கள் இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

‘சரியான’ கால்வைப்பைத் தேடுவது

அப்படி ஒன்று கிடையாது. பேரி சாண்டர்ஸ் 1997-இல் 2,053 கெஜம் ஓடியது எந்தப் பயிற்சியாளரின் வரைபடத்திலும் அடங்காத கால்களோடு.

விதி மாறினால் கணக்கும் மாறும் என்பதை மறப்பது

ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லை காட்டும் இரண்டு வரிசைக் குறிகள்தான் ஹாஷ். கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்படும்போது ஒரு பக்கம் பெரிய வெளி திறக்கிறது, வேகமானவர் அங்கே படிக்காமலேயே ஓடிவிடலாம். என்எஃப்எல்லில் அந்த வெளி சுருங்குகிறது. எந்த ஹாஷிலிருந்து தொடங்கிய ஓட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் எல்லைக்குள் ஒரு கால் பட்டால் பந்து பிடித்ததாகும், என்எஃப்எல்லில் இரண்டு கால் வேண்டும். ஓரக்கோட்டில் பிடித்த ஒவ்வொரு பந்திலும் இரண்டாவது கால் எங்கே விழுந்தது என்று பாருங்கள். கல்லூரியில் அதற்குத் தேவை இல்லாதபோதும் சிலர் அந்தக் காலை இழுத்துத் தரையில் வைத்திருப்பார்கள். அவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக், பந்து ஆட்டத்துக்கு வரும் கணமான ஸ்னாப்பிலேயே (அதில் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் ஸ்னாப் என்றே எண்ணுவார்கள்) ரிசீவரின் முகத்துக்கு எதிரே நின்று இடிப்பது பிரஸ் கவரேஜ். பல கல்லூரி ரிசீவர்கள் அதை அபூர்வமாகத்தான் சந்தித்திருப்பார்கள். பிரஸ் ஸ்னாப் 15-க்குக் குறைவாகக் கிடைத்தால் மதிப்பெண் போடாதீர்கள், ‘பார்க்கக் கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். இல்லாத தகவலை ஊகத்தால் நிரப்பிய அறிக்கை வெற்றிடத்தைவிட மோசம்.

ஒருவருக்கு ஒருவர் பயிற்சியை ஆட்டமாக எண்ணுவது

அலபாமாவின் மொபைல் நகரில் நடக்கும் சீனியர் போல் (கல்லூரி ஆட்டக்காரர்களின் கண்காட்சி ஆட்டம்) பயிற்சி வீடியோக்களை எல்லோரும் விரும்பிப் பார்ப்பார்கள். அங்கே ரிசீவருக்கு முழு மைதானமும் சொந்தம், கார்னருக்கு உதவ சேஃப்டி இல்லை. பந்து எறிபவரை நோக்கி ரஷர் பாயும் பாஸ் ரஷ் பயிற்சியில் லைன்மேனுக்குப் பக்கத்தில் தோள் கொடுக்க ஆள் இல்லை, எதிரணி பந்தை ஏந்தி ஓடிவிடுமோ என்ற சந்தேகம் ரஷருக்கு இல்லை. இரண்டிலும் ஒரு பக்கத்துக்குக் கணக்கு எளிதாக்கப்பட்டிருக்கிறது. கஷ்டமான பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள்: முதல் தடவை தோற்ற அதே நகர்வுக்கு அடுத்த தடவை வேறு விடை கொண்டுவருகிறாரா? மூன்று நாள் பயிற்சியில் அதுதான் உருப்படியான தகவல்.

களைப்பை மறப்பது

நான்காம் கால்பகுதியின் கடைசி 8 ஸ்னாப்களைத் தனியாகப் பாருங்கள்.

எழுத்துத் தேர்வில் களப் பார்வையைத் தேடுவது

12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வைக் கம்பைன் 2022-இல் கைவிட்டது. நீங்களும் விடுங்கள்.

உடலின் குறையை விடையின் குறையாக எழுதுவது

2018 கம்பைனில், பந்து எறிபவரைக் காக்கும் லைன்மேன் ஓர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 40 கெஜத்தை 5.85 நொடியில் ஓடினார், 225 பவுண்டை 14 தடவைதான் தூக்கினார். முதல் சுற்றில் பேசப்பட்ட பெயர் 83-ஆவது இடத்துக்குச் சரிந்தது. 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு ப்ரோ போல் (லீக்கின் நட்சத்திரப் பட்டியல்) தேர்வு. 6 அடி 8 அங்குல உயரமும் நீண்ட கைகளும் கொண்டவரைச் சுற்றி வர ரஷர் அதிகத் தூரம் ஓட வேண்டும். அவர் வேகமாக நகர வேண்டியதில்லை, சரியான இடத்தில் நின்றால் போதும். ஆள், சூழல், செய்ய வேண்டிய வேலை என்ற மூன்று கட்டுப்பாடுகளுக்கு நடுவில்தான் நகர்வு உருவாகிறது என்று கார்ல் நியூவெல் 1986-இல் சொன்னார். அறிக்கையில் ‘மெதுவான கால்’ என்று முடித்துவிட்டால் முதல் கட்டுப்பாட்டோடு நின்றுவிட்டீர்கள்.

அந்த வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வெளிப்பக்கம் வேகமாகச் சுற்றும் ரஷருக்கு எதிராக 22 ஸ்னாப், 17-இல் முதல் இரண்டு அடியிலேயே இடத்தைப் பிடித்தார், மீதி 5-இல் 4, ரஷர் உள்ளே திரும்பியபோது தவறியவை.’ இதைப் படிக்கும் பயிற்சியாளருக்கு, அவரை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் உதவி தருவது என்று உடனே தெரியும்.