நெற்றி லைட் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி செல் வாங்கும் முன் சார்ஜ் ஓட்டையைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு நெற்றி லைட் இல்லாமல் வேலையே ஓடாது. வெயில் ஏறும் முன்தான் பட்டைக்குள் பால் அழுத்தமாக நிற்கும் என்பதால் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவோம். பாதி மரத்தில் லைட் மங்கினால் கத்தி ஆழமாக இறங்கி மரம்தான் காயப்படும். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இப்படி லைட்டுகள் வந்துகொண்டே இருக்கும், எல்லோரும் சொல்வதும் ஒன்றுதான், "பேட்டரி போச்சு மக்கா". பாதிக்கு மேல் பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சார்ஜ் குத்துகிற இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். டைப்-சி ஓட்டை உள்ள மலிவு லைட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு: இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளைக் குத்தினால் ஏறாது, ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக இருந்தால் ஏறும். ஓட்டைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும், காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் புதுச் சார்ஜர் எதிரே ஏதோ இருக்கிறது என்பதையே அறியாமல் கரண்டு கொடுக்காது. லைட்டைக் குறை சொல்லாமல் பழைய கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டுவந்த லைட்டில் கேபிள் முழுசாக உள்ளே போகாமல் ஒரு மயிரிழை வெளியே நின்றது. சின்ன இடுக்கியை விட்டு இழுத்தால் பழுப்பாய், நீளமாய், ஒட்டுப்பால் இழை ஒன்று வந்தது! பால் ஒட்டிய விரலாலேயே தினமும் மூடியைத் திறந்து மூடியிருக்கிறார், அது உள்ளே போய் உறைந்துவிட்டது. சுத்தம் செய்ய தென்னை ஈர்க்கிலைச் சீவிக்கொள்ளுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், நடு நாக்கை உடைத்துவிடும், இல்லை ஷார்ட் ஆக்கிவிடும். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சின்ன பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. பெட்ரோலை ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் கெட்டுப்போகும்.

உள்ளே பச்சை பூத்திருந்தால் அது வேறு கதை. பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும், பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்க ஊற்றும் ஆசிட்டும் இரும்பைக் கூட விடாது. அந்தக் கேன் இருக்கும் கொட்டகையிலேயே லைட்டையும் தொங்கவிடாதீர்கள். மழையில் நனைந்த லைட்டை வந்ததும் சார்ஜில் போடுவதும் தப்பு, ஈரத்தோடு கரண்டு சேர்ந்தால் பின்கள் சீக்கிரமே அரித்துவிடும். ஓட்டை கீழே பார்க்க நிழலில் காயவிடுங்கள். கேபிளைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏறுகிறது என்றால் சால்டர் விட்டிருக்கிறது, செல்போன் ரிப்பேர் கடையில் வைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால்தான் கோளாறு செல்லில். பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல்தான் இருக்கும்: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். மல்டிமீட்டர் வையுங்கள், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். முழுசாக ஏற்றி, கழற்றி, ஒரு ராத்திரி சும்மா வைத்தபின் 4 வோல்ட்டுக்கும் கீழே விழுந்திருந்தால் அது போய்விட்டது. 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்ததையும், வீங்கியதையும், உறை கிழிந்து நசுங்கியதையும் மறுபடி ஏற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

புதுசு வாங்கும்போது 9900 எம்.ஏ.ஹெச் (செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கு) என்று அச்சடித்த செல்லைப் பார்த்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3500 எம்.ஏ.ஹெச் சுமாருக்குத்தான் வரும். எடையும் காட்டிக்கொடுக்கும், நல்லது 45 கிராமைச் சுற்றி இருக்கும், கிராம்பு நிறுக்கிற கடைத் தராசில் வைத்தாலே போதும். செல்லின் மேல் நேராக சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே கெடும். நிக்கல் பட்டை ஏற்கனவே ஒட்டிய செல்லாகக் கேட்டு வாங்கி, பட்டையில் ஒயரைப் பற்றவையுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் சார்ஜ் போர்டு அந்த நொடியே புகையும். இரண்டு செல்லை இணையாகப் போட்டால் இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும்.

பழைய 4 வோல்ட் லெட் ஆசிட் (ஈய-அமில பேட்டரி) லைட்டில் மட்டும் லித்தியம் செல்லை மாட்டவே மாட்டாதீர்கள். அந்தச் சார்ஜருக்கு 4.2-ல் நிறுத்தத் தெரியாது, தீப்பிடிக்கலாம். அதில் பலதும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரே வீட்டுக் கரண்டில் ஓடுவது, சார்ஜ் ஏறும்போது தலையில் மாட்டினால் ஷாக் அடிக்கும்.

ராத்திரி ஷீட் அடுக்கின் மேலேயோ மெத்தையிலேயோ சார்ஜ் போடாதீர்கள், வெறும் சிமெண்ட் தரை போதும். தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது லித்தியம் செல்லைப் பாதி சார்ஜில், 3.8 வோல்ட் வாக்கில் எடுத்து வையுங்கள். லெட் ஆசிட்டுக்கு நேர் எதிர், அதை முழுசாக ஏற்றி வைத்து மாதம் ஒரு தடவை திரும்ப ஏற்ற வேண்டும்.