மேலே கோளாறு என்றால் கீழே வாயைக் கொஞ்சம் கட்டுங்கள்

காட்பாடியில் என்னிடம் டிஸ்பாட்சர் வேலைக்கு, அதாவது விமானப் பயணத்தைத் தரையிலிருந்து திட்டமிட்டுக் கண்காணிக்கும் வேலைக்கு, படிக்க வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது நடுவில் பிரேக் பிடிக்கவில்லை. நடத்துநர் பணிமனைக்குப் போன் செய்கிறார். எடுத்தவர் என்ன பேச வேண்டும்? குடியாத்தத்துப் பிள்ளையானாலும் ஆற்காட்டுப் பிள்ளையானாலும் பதில் ஒன்றுதான்: "பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

தவிப்பவருக்கு அந்த நேரத்தில் எதற்கும் உதவாத கேள்வி. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி அதற்குள் அடங்கிவிடும்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருசேரப் போயின. விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பராமரிப்புப் பிரிவிடம் உதவி கேட்டார்கள். மூன்றும் ஒன்றாகப் போகும் என்பதைத் தரையிலிருந்தவர்களால் நம்பவே முடியவில்லை. எல்லாமே போய்விட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கோடையில் பாலாற்றங்கரையில் நின்றுகொண்டு தண்ணீர் ஓடுகிறதா என்று நான்கு முறை விசாரிப்பதைப் போல. அந்த நிலைமைக்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. 'எங்களிடம் வழிமுறை இல்லை' என்பதும் ஒரு பதில்தான். அதை உடனே சொல்லிவிட்டால் விமானியின் காது மிச்சமாகும். அன்று விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

அடுத்த தவறு, நிறுவனத்தின் கவலையை விமானியின் தலையில் ஏற்றுவது. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா 261 விமானத்தின் வால் பகுதியில் மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் நிலைப்படுத்தி இறுகிக்கொண்டது. லாஸ் ஏஞ்சலிசில் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்த கேப்டனிடம், அங்கே இறங்கினால் மறுபடி கிளம்பத் தாமதமாகும் என்று தரையிலிருந்து பேசினார்கள். அவருடைய எரிச்சல் ஒலிப்பதிவில் இருக்கிறது. விமானம் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். நிலைப்படுத்தியை நகர்த்தும் திருகுத்தண்டின் மரை தேய்ந்ததே காரணம். அந்தப் பேச்சு காரணம் ஆகாது. ஆனாலும் அப்படிப்பட்ட நேரத்தில் தாமதக் கணக்கை எடுத்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விமானிகள் பக்கமும் தவறு உண்டு. நிறுவனத்திடம் சொல்லியாயிற்று, போதும் என்று இருந்துவிடுவார்கள். டிஸ்பாட்சர் வேறு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு வேறு. வேலூருக்கு மேலே பழுதானால் மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவது சென்னைக் கட்டுப்பாட்டு மையம். சென்னையில் இறங்கலாமா பெங்களூரு மேலா, எங்கே மழை, எங்கே பொறியாளர் இருக்கிறார் என்று தேடிக் கொடுப்பவர் டிஸ்பாட்சர். இருவரிடமும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு மையத்திடம் 'மேடே' (உயிருக்கு ஆபத்து) அல்லது 'பான் பான்' (அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை) என்று மும்முறை தெளிவாகவே சொல்ல வேண்டும். 1990 ஜனவரி 25 அன்று எரிபொருள் தீர்ந்து நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 விமானிகள் 'முன்னுரிமை' கேட்டார்கள். 'அவசரநிலை' என்ற சொல்லைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை. டிஸ்பாட்ச் உதவியைப் பயன்படுத்தாததையும் விசாரணை அறிக்கை குறித்திருக்கிறது. 73 பேர் இறந்தார்கள்.

பழுதாக இருந்தாலும் புறப்படத் தடையில்லாத கருவிகள் எவை என்று சொல்லும் பட்டியலை மேலே பறப்பவருக்குப் படித்துக் காட்டுவதும் வீண். அது புறப்படுமுன் பார்ப்பது. பறக்கும்போது அவர் கையில் இருப்பது அவசரகாலச் சரிபார்ப்புப் பட்டியல். இறங்கிய ஊரிலிருந்து மறுபடி கிளம்ப முடியுமா என்பதை உங்கள் மேசையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னத் தவறு ஒன்று: பதிவேட்டில் இந்திய நேரத்தை எழுதுவது. விமானி பேசுவது உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணி நேர வித்தியாசம். இதற்காகவே வகுப்பில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கிறேன். மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் ஒன்று பின்தங்கி ஓடுகிறதே என்று பரிதாபப்பட்டு, முள்ளைத் திருகிச் சரியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாள் ஒரு பிள்ளையும் அதைக் கவனிக்கவில்லை.