எண்களைக் குதித்துக் கற்கட்டும்

மூன்று வயதுக் குழந்தை பத்து வரை கடகடவென்று ஒப்பித்துவிடும். ஐந்து புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரே கொட்டையை இரண்டு தடவை தொடும், ஒன்றை விட்டுவிடும். ஒப்பிப்பது வேறு, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று பொருத்துவது வேறு.

அதற்கு நம் வாசல் பாண்டி அருமையான வழி. சாக்பீஸால் வரிசையாக 5 கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு குதி, ஒரு குதிக்கு ஒரு எண். கால் தரையில் படும்போதுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். வாய் முந்திக்கொண்டால் நீங்களும் கூடவே மெதுவாகக் குதியுங்கள். நன்றாகப் பழகட்டும், அப்புறம் "மூணுல நில்லு, இன்னும் ரெண்டு குதி, இப்ப எங்க இருக்க?" என்று கேளுங்கள். கூட்டல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நொண்டியடிக்க அவசரப்படுத்தாதீர்கள். ஒற்றைக்காலில் தாவுவது பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் வரும். அதுவரை இரண்டு காலையும் சேர்த்தே குதிக்கட்டும். வழுக்கும் டைல்ஸ் தரை மட்டும் வேண்டாம்.

3, 4 வயதில் தினமும் 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம், சரியா? மழை நாளென்றால் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் எண்ணியபடி ஏறுங்கள்.