ஜின் பாட்டில்: எங்கே வைக்கக் கூடாது, எப்போது கொட்டக் கூடாது

பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதியைத் தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு அந்தத் தேதி பொதுவாகக் கட்டாயமில்லை. ஜின்னில் ஆல்கஹால் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் 42.8. அந்த வீரியத்தில் கிருமி வளராது. லேபிளில் இருப்பது தயாரிப்புத் தேதி. அதைப் பார்த்துவிட்டு 'பழசாகிவிட்டது' என்று கொட்ட வேண்டாம்.

வைக்க வைக்கச் சுவை கூடும் என்று பரணில் பத்திரப்படுத்துவதும் வீண். விஸ்கி முதிர்வதே மரப் பீப்பாயில்தான். கண்ணாடிக்குள் போன பிறகு எதுவும் ஏறாது.

உண்மையான இழப்பு மூடியைத் திறந்த பிறகுதான். ஜின்னுக்கு மணம் கொடுப்பவை ஜூனிபர் காய், தனியா, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் போன்றவற்றின் எண்ணெய்கள். காற்றுப் பட்டால் இவை மாறும், ஆவியாகும். பழத்தோல் மணம் முதலில் மங்கும். அதனால் திறந்து எத்தனை மாதம் என்று கணக்குப் பார்ப்பதைவிட, உள்ளே எவ்வளவு காற்று நிற்கிறது என்று பாருங்கள். முக்கால் பாட்டில் ஓராண்டு ஓரளவு தாங்கும். அடியில் கொஞ்சம் மட்டும் கிடந்தால் சில மாதங்களிலேயே சப்பென்று ஆகலாம். அவசரமாகக் குடித்துத் தீர்க்கச் சொல்லவில்லை. சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி இறுக மூடினால் போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.

வெயில் படும் கண்ணாடி அலமாரி, அடுப்புப் பக்கம், ஃப்ரிட்ஜின் தலைமேல் மூன்றும் ஆகாது. சங்குப்பூ நிறம் சேர்த்த ஜின் வெளிச்சத்தில் வெளுத்தே போகும். ஒயினைப் போலப் படுக்கவைப்பதும் தவறு: ஜின்னின் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும், கசிவும் வரும். நிமிர்த்தியே வையுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் கெடாது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது உறையவும் செய்யாது. லண்டன் டியூக்ஸ் பாரில் ஜின்னும் வெர்மூத்தும் சேரும் மார்ட்டினி காக்டெயிலுக்கு உறைகுளிர் ஜின்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் அந்தக் குளிரில் மணம் அடங்கிவிடும். எடுத்த கையோடு முகர்ந்து 'வாசமே போச்சு' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். குளிரிலோ தண்ணீர் கலக்கும்போதோ லேசாகக் கலங்கினால் பயப்படவும் வேண்டாம். கரைந்திருந்த எண்ணெய்தான் வெளியே தெரிகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் ஜின்னை அறை வெப்பத்தில் அதே அளவு தண்ணீரோடு கலந்து முகருங்கள். பைன் பிசின் போன்ற ஜூனிபர் வாசம் எழுந்தால் நல்லது. வெறும் ஸ்பிரிட் நெடி மட்டும் என்றால் டானிக் வாட்டரும் எலுமிச்சையும் சேர்த்துச் சமாளிக்கலாம், மார்ட்டினிக்கு உதவாது. பூஞ்சை வாசமோ, உடைக்காத பாட்டிலில் சீல் சந்தேகமோ இருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

இந்தத் தாராளமெல்லாம் சாதா ஜின்னுக்குத்தான். ஸ்லோ (sloe) என்ற பழத்தை ஊறவைத்த ஸ்லோ ஜின், பழ லிக்கர் (இனிப்பு மது) வகைகளில் ஆல்கஹால் குறைவு, சர்க்கரை அதிகம். திறந்தபின் சுவை சீக்கிரம் மாறும். மார்ட்டினியில் சேரும் வெர்மூத் ஒயின் வகை. திறந்ததும் அதன் இடம் ஃப்ரிட்ஜ்தான், ஜின் பக்கத்து அலமாரி இல்லை.