பதம் போகாமல் தீட்டுவது எப்படி? கத்தியிலும் சொல்லிலும் நடக்கும் தவறுகள்

இரும்பில் பதம் என்பது இரண்டு: காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதி ஒன்று, வெட்டுகிற வாயின் கூர் இன்னொன்று. கூரைத் தேடிப் போய் உறுதியைத் தொலைத்துவிட்டு வருவதுதான் அதிகம் நடக்கிறது.

சாணைச் சக்கரத்தில் பொறி பறந்தால் வேலை ஜோராக நடக்கிறது என்று நினைக்கிறோம். பொறி தப்பில்லை, கத்தியின் வாய் நீலம் பாய்ந்தால்தான் தப்பு. கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் நீலமாகும். அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் சீக்கிரமே மழுங்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு தடவையாவது தண்ணீரில் தோய்க்கச் சாணை பிடிப்பவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் தீட்ட 1000 எண் கல் போதும் (எண் குறைந்தால் கல் சொரசொரப்பு). சொட்டை விழுந்த கத்திக்கு மட்டும் முதலில் 400. ஊறவைக்கும் வகைக் கல்லென்றால் குமிழி அடங்கும்வரை, 10-15 நிமிடம், தண்ணீரில் கிடக்கட்டும். சமையல் எண்ணெய் விடாதீர்கள். பிசுக்கேறிக் கல்லின் கண் அடைந்துவிடும்.

அடுத்த தவறு சாய்வு. 4 செ.மீ. அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1.3 செ.மீ. தூக்கினால் சுமார் 19 டிகிரி; காய்கறிக் கத்திக்கு அது சரி. அதைவிடத் தூக்கினால் வாய் மொண்ணையாகும், படுத்தால் பக்கம் மட்டும் தேயும். சந்தேகமிருந்தால் வாயோரம் மார்க்கர் பேனாவால் பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை.

பலரும் தோற்பது பிசிறில்தான். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை வழித்தால் நெருடும். அடியிலிருந்து நுனிவரை அது எழுவதற்குள் கத்தியைத் திருப்பிவிட்டால் கூர் வராது. இரு பக்கமும் எழுந்தபின், கை பாரம் கொடுக்காமல் மாறி மாறி இழுத்து அதை எடுத்தாக வேண்டும். பிசிறோடு விட்ட கத்தி முதல் தக்காளியை அழகாக அறுக்கும், பத்தாவதை நசுக்கும். சோதிக்கத் தாளோ தக்காளித் தோலோ போதும். வாய் நெடுக விரலை ஓட்டினால் கத்தி விரலைப் பதம் பார்த்துவிடும்.

‘தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது’ என்று நன்றிகெட்டவரைச் சொல்வோமே, அந்த மரம் கற்பனையல்ல. பலகையில் வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) பொடியைத் தூவி அரிவாளைத் தேய்ப்பார்கள். பொடி மரத்தில் பதிந்து நின்று இரும்பை அராவும். கூர் ஏறியதும் அந்தப் பலகையையே கொத்திப் பார்த்தால் எப்படி இருக்கும்!

சொல்லிலும் வழுக்குகிறோம். இருந்த திறமை மழுங்கியிருந்தால் சாணை பிடிக்கலாம். இன்னும் வெளிப்படாத திறமைக்குப் பட்டை தீட்டுவதுதான் பொருந்தும், அது மணிக்கல் வேலை. ஆனால் வைரத்துக்குப் புகழாகிற அதே சொல் அரிசிக்கு வந்தால் கதை வேறு: பட்டை தீட்டிய அரிசியில் வெள்ளை மிஞ்சும், தவிடும் சத்தும் போய்விடும். கட்டுரையைத் திருத்துகிறவர்கள் எதைத் தீட்டுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.